இடுப்புக் கம்பி எங்கே?

என் அக்காவுக்கு ஆலையில் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. விளக்குப் பலகைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுப்போன இழையோ எண்ணெய்க் கறையோ வந்தால் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்த வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக நிறுத்திக்கொண்டிருக்கிறாள். மேலாளர்கள் பல்லைக் கடிப்பார்கள், அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவள் கணவர், என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். வாயில்லாப் பூச்சி, அவர் பங்கையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் அவருடைய இடது சிறுநீரகத்தில் பெரிய கட்டி என்று அறிக்கை வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்றார். மாமா சரிங்க என்றார். அக்காவுக்கு அந்த ஒற்றைத் தாள் போதவில்லை. ஸ்கேன் சென்டரில் மல்லுக்கு நின்று படங்கள் இருந்த சிடியை வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடி போட வழியே இல்லை. என் அலுவலகத்திலிருந்து ஒரு டிரைவை இரவல் வாங்கிப் போனேன். சிடிக்குள் நானூற்றுச் சொச்சம் கோப்புகள், பெயருக்குப் பதில் வெறும் எண்கள். எதைத் தட்டினாலும் திறக்க மாட்டேன் என்றது. இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிய பிறகுதான், ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி, வயிறு ஒவ்வொரு துண்டாகத் திரையில் வந்தது.

அறிக்கையில் இடது என்று இருக்கிறது, கட்டியோ திரையின் வலது பக்கம் இருக்கிறது என்று அக்கா குதித்தாள். இரண்டு பேரும் டாக்டரிடம் ஓடினோம். படுத்திருப்பவரின் காலடியில் நின்று பார்ப்பது போலத்தான் படம் வரும், உங்கள் வலது அவருக்கு இடது என்று அவர் சிரித்தார். நர்சுகூடச் சிரித்தாள். என் மானம் கப்பலேறியது. இனிமேல் துணியை மட்டும் பார் என்று வழியெல்லாம் அக்காவைத் திட்டினேன்.

"தெரியாததைக் கேட்டேன், இப்ப தெரிஞ்சுக்கிட்டேன். இதுல என்னடா அவமானம்?" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை எதையும் தேடப்போவதில்லையாம். நான் மவுஸ் சக்கரத்தை ஒரே சீராக உருட்ட வேண்டும், குறை இருந்தால் தானாகக் கண்ணில் குத்துமாம். வேண்டாவெறுப்பாக உருட்டினேன். கல்லீரல் போயிற்று, குடல் போயிற்று. இடுப்பெலும்பு வந்ததும் அவள் கை உயர்ந்தது.

என்ன என்று கேட்டேன். மாமாவைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கச் சொன்னாள். ஏழு வருடத்துக்கு முன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து உடைந்த இடுப்பு. கம்பியும் திருகாணியும் வைத்துச் சேர்த்திருந்தார்கள், ஒரு சாண் தழும்பு இருந்தது. திரையில் இரண்டு பக்கமும் முழு எலும்பு, பொட்டு உலோகம் இல்லை.

"கம்பி எங்கடா?" என்றாள்.

அவளைத் திட்டிய நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை ஸ்கேன் சென்டர் மேலாளர் படத்தின் மூலையைக் காட்டினார். பெயர், வயது எல்லாம் மாமாவுடையதுதான். உலோகம் சில சமயம் படத்தில் விழாது, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றார்.

"அப்ப இடுப்பை மட்டும் இப்பவே ஒரு எக்ஸ்ரே எடுங்க. கம்பி இல்லைன்னா, எங்க வீட்டுக்காரரு அதை முழுங்கிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

எடுத்தார்கள். கம்பி பளிச்சென்று தெரிந்தது. பதிவேட்டைப் புரட்டினார்கள். அன்று மாமாவையும் அவருக்கு அடுத்தவரையும் வரிசை மாற்றி உள்ளே அனுப்பியிருந்தார்கள். ஆள் மாறியது, திரையில் பெயரை மாற்றவில்லை. அடுத்தவர் பெயரிலிருந்த படத்தைத் திறந்தால் இடுப்பில் கம்பி இருந்தது. அதில் மாமாவின் சிறுநீரகம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, ஓரமாக ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேலாளர் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று நான் எழுந்தேன். அக்கா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த இன்னொருத்தருக்கு போன் போடுங்க."

முறைப்படி நாளைக்குத் தெரிவிப்போம் என்றார் அவர்.

"என் எதிர்ல போடுங்க. போடாம எந்திரிக்க மாட்டேன்."

அரை மணி நேரம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் போட்டார். எடுத்தது ஒரு பெண். மேலாளர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னதும் அந்தக் குரல் அறை முழுவதும் கேட்டது.

"சின்னக் கல்லுதான், பயப்பட ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரு வலியோடயே வேலைக்குப் போயிட்டாரே."

அக்கா மேலாளர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"அவரைக் கூட்டிக்கிட்டு இப்பவே வாம்மா. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."