மூடிமேல் உட்கார்ந்தவர்

எங்கள் ஊரின் முதல் பி.ஏ. நான். அந்த மிடுக்கோடு கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த 1998 மழைக்காலத்தில்தான் இசக்கிராஜாவைப் பார்த்தேன். கிடங்கு வாசலில் சாக்கடை அடைத்திருந்தது. காண்டிராக்டர் அனுப்பிய ஆட்கள் குழியில் இறங்குமுன் வழக்கம்போல் பிராந்தி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தள்ளிப்போய்க் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றேன்.

"மச்சான் புத்தராயிட்டாரு சேட்டா! இனி சாயா மட்டுந்தான்," என்று சிரித்தான் வீரபாண்டி. இசக்கிராஜாவின் மனைவி கற்பகத்துக்குத் தம்பி.

இசக்கிராஜா முந்தின வருஷம் எறணாகுளத்தில் ஒரு புத்த பிக்குவிடம் பஞ்சசீலம் ஏற்றவர். சாதியையும் சாராயத்தையும் ஒன்றாக உதறியதாகச் சொல்வார். ஆனால் குடிக்காத உடம்பு குழிக்குள் நிற்காது. வாந்தியும் மயக்கமும் வரும். அதனால் அவர் மேலே கயிறு பிடித்தார். அவர் முறைக்கும் வீரபாண்டியே இறங்கினான், கூடுதலாகக் குடித்துவிட்டு.

"நீங்க சுத்தமா இருக்கதுக்கு என் தம்பி நாறணுமா?" என்பாள் கற்பகம்.

அதை அவர் பிக்குவிடம் கொண்டுபோனார். "தியானத்தில் இரு. மனத்தின் எரிச்சல் அடங்கும்," என்றார் பிக்கு.

"எரியிறது என் மனசு மட்டும் இல்லையே ஐயா," என்று எழுந்து வந்துவிட்டார். சீலத்தை விட மனமில்லை. மைத்துனனை நிறுத்தவும் வழி தெரியவில்லை.

2001 ஜூலையில் வீரபாண்டி தள்ளாடியபடி இறங்கினான். இடுப்பு முடிச்சைப் போதையில் சரியாகப் போடவில்லை. உள்ளே விஷவாயு. குரல் நின்றதும் இசக்கிராஜா இழுத்தார். கயிறு மட்டும் வந்தது. இறங்கப்போன அவரைக் கூட இருந்தவர்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"குடிச்சிட்டு விழுந்து செத்தவன். நான் எந்தா செய்யும்?" என்றார் காண்டிராக்டர்.

கற்பகம் வீட்டிலிருந்த புத்தர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இசக்கிராஜா அதை நேராக்கவில்லை.

அடுத்த வாரம் கிடங்குத் தெருவில் சாக்கடை மூடியைத் திறக்க வந்தார்கள். இசக்கிராஜா அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தமுறை கண்ணைத் திறந்துவைத்திருந்தார்.

"எழும்பு அண்ணே, எங்க பொழப்பு போயிரும்," என்று கெஞ்சினான் வீரபாண்டியோடு வேலை பார்த்த முத்துராமலிங்கம்.

"மெஷின் வரட்டும். ஆள் இறங்க வேண்டாம்."

போலீஸ் தூக்கிப்போனது. வேலையும் போனது. அன்று மாலையே அடுத்த தெருவில் ஆட்கள் இறங்கினார்கள்.

இது 2007. இசக்கிராஜா வைட்டிலாவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். எங்காவது மூடி திறப்பதாகக் கேள்விப்பட்டால் போய் உட்கார்கிறார். தூக்கி எறிகிறார்கள். கற்பகம் ஆலுவாவில், அக்கா வீட்டில் இருக்கிறாள். அவரோடு பேசுவதில்லை.