நிழலக்கா

அலுவலகத்தில் அவளுக்கு ‘நிழலக்கா’ என்று பெயர். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டன் மேடாகத் தெரியவேண்டும், அழுத்தலாம் என்று விரல் நம்பவேண்டும் என்றால், அதன் அடியில் மெல்லிய சாம்பல் நிழல் விழவேண்டும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடினால் அழுக்கு, குறைந்தால் பட்டன் செத்துப் படுத்துவிடும் என்பாள். யார் எதை வரைந்தாலும் நிழலுக்கு அவளிடம்தான் வரவேண்டும்.

அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது. வெளிர் சாம்பல் தெரியவில்லை. நரம்பு பட்டுப்போகிறது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். சொட்டு மருந்தைக் கைப்பையின் அடியில் ஒளித்துவைத்தாள். கணவன் வேலை போய் வீட்டிலிருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு என்று பயந்து செத்தாள்.

முதலில் நிழல்களைக் கருக்கினாள். “என்னக்கா, பட்டனெல்லாம் கரி அப்புன மாதிரி இருக்கு?” என்றான் டீம் லீடர். சிரித்து மழுப்பினாள். அப்புறம் கண்ணை நம்பாமல், பழைய வேலைகளில் இருந்த அளவுகளையே எடுத்துப் போட்டாள். பிழைப்பு ஓடியது. பாவி, ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

ஒருநாள் எல்லாரையும் உட்காரவைத்து, சுவர்த்திரையில் இரண்டு பட்டன்களைக் காட்டினான் டீம் லீடர். ஒன்று முனை மழுங்கியது, இன்னொன்று கூரானது.

“இதுல எத எடுக்கலாம்க்கா?”

உற்றுப் பார்த்தாள். இரண்டும் தட்டையாகக் கிடந்தன. நிழல் இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று முடிவுகட்டினாள்.

“இடது பக்கம் எடுங்க. நிழல் கச்சிதமா இருக்கு. மத்ததுல கொஞ்சம் தூக்கல்.”

டீம் லீடர் தொண்டையைச் செருமினான்.

“ரெண்டுலயும் இன்னும் நிழலே போடலக்கா. நீங்க போடுவீங்கன்னுதான் வச்சிருக்கேன்.”

இல்லாததை இல்லை என்றுதான் கண் சொன்னது. அதை அவள் நம்பவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள். லிஃப்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள். ஒரு காலை நீட்டினாள். கீழே ஒரே சாம்பல், ஒரே தரை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

“வந்து கூட்டிட்டுப் போங்க.”

“என்னம்மா ஆச்சு? எங்க இருக்க?”

“ஆபீஸ் படிக்கட்டுல. படி எங்க முடியுதுன்னு தெரியலங்க.”