பதினாலு குறை எழுதினவள்

கேம் செய்வதுகூடப் பெரிய கஷ்டமில்லை. செய்ததை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் பாருங்கள், அந்தப் பாடு எதிரிக்கும் வரக் கூடாது. பட்டவர்களுக்குத் தெரியும். படாதவர்களுக்குச் சொல்கிறேன்: கேம் ஜாம் என்றால், கொடுத்த தலைப்பில் மூன்றே நாளில் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பிறகு ஒருவர் கேமை ஒருவர் ஆடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்கள் சிலர் சேர்ந்து இதை நடத்துகிறோம். பகலில் எல்லாருக்கும் வேறு பிழைப்பு. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங்.

பேசக் கூடாது

செங்கோட்டை ரயில் வருவதற்குள் ஒரு ஆடு தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். அதுதான் என் கேம். ஏற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஆடுகிறவருக்கு நாம் வாய் திறந்து உதவக் கூடாது என்பது எங்கள் விதி. மனுஷன் வரிசையாக ஆறு ஆட்டை ரயிலுக்குக் கொடுத்தார். 'ஸ்பேஸ் பட்டனை அமுக்கித் தொலையுங்களேன்' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது ஆடும் போன பிறகு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு. ஆனா அந்த ஆட்டுக்கும் ஒனக்கும் என்ன பகை?"

நாலு நாளில் ஒன்று

ஏற்றியாயிற்று. நாலு நாளும் வேலைக்கு நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு கருத்து வந்தது. 'பரவாயில்லை.' அவ்வளவுதான்! பாராட்டா, ஆறுதலா, போனால் போகிறது என்று எழுதினதா? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. என்னோடு செக்கிங் பார்க்கிற மாரியம்மாளிடம் காட்டினேன்.

"அந்த ஆளு எழுதிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பான். நீ ஏன்ட்டி சோறு திங்காமக் கெடக்க?"

பதினாலு

நாம் நாலு பேருக்கு எழுதினால்தான் நமக்கு நாலு பேர் எழுதுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற செல்வராணி என்ற பெண்ணின் கேமை எடுத்தேன். முகம் பார்த்ததில்லை. அவளுக்கு அதுதான் முதல் கேம். பிளவக்கல் அணையின் ஷட்டரைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். ஆடி முடித்து, நம்பர் போட்டுப் பதினாலு குறை எழுதினேன். கம்பெனிப் பழக்கம் அப்படி. நூல் அறுந்திருந்தால் எழுதுவோம், கறை இருந்தால் எழுதுவோம். நல்ல துணி பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும்.

மறுநாள் பார்த்தால் கேமையே காணோம்! அவளே எடுத்துவிட்டிருந்தாள். உடனே மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. முதல் அடி வைத்தவளை முடக்கிப் போட்டுவிட்டேனே என்று ஒரு வாரம் கிடந்து தவித்தேன். பொறுக்க மாட்டாமல் மாரியம்மாளிடம் சொன்னேன்.

"பதினாலு எழுதின கை, கூட ஒரு நல்ல வார்த்தை எழுதியிருந்தா ஒடிஞ்சா போயிருக்கும்?"

கடைசி வயல்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் எங்கள் எல்லாருக்கும் கூட்டம். போகவே பயம். ஆனால் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதெல்லாம் செல்வராணியை ஒருவர் கைகாட்டினதும் மறந்துபோயிற்று. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் பெயரைச் சொன்னதுமே முகம் இறுகிவிட்டது.

"ரெண்டு நாள் அழுதேன்க்கா. இனி இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் மேலே சொன்னாள். "மத்தவங்க எல்லாரும் சூப்பர்னு எழுதியிருந்தாங்க. ஆனா நீங்க எழுதின பதிமூணாவது குறை கடைசி வயல்ல இருக்கு. அம்புட்டு தூரம் வந்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன்."

மூன்று தடவை ஆடினேன் என்று அப்போதுதான் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை, கடைசி வயலில் தண்ணீர் ஏறினபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன் என்றும் சொன்னேன். அத்தனையும் நிஜம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தாள்.

"திரும்ப ஏத்துதேன்க்கா. மொதக் கருத்து நீங்க எழுதுங்க, பால் பொங்கினதையும் சேர்த்து."

குறை எழுத எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது, நல்லா இருக்கு என்று சொல்லத்தான் ஊர் விட்டு ஊர் பஸ் ஏற வேண்டியிருந்தது.