புளி போட்டு மினுக்கிய ரவைக்கோது

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் சோபாவில் சாய்ந்தபடி போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைத் திறந்த காரில் மனைவியோடு போகும்போது சுட்டார்களே, அந்தக் கொலையைப் பற்றியது. எனக்கு மனப்பாடமான தெரு, மனப்பாடமான கட்டடம், மனப்பாடமான ஆறாம் மாடி ஜன்னல். “மாமா, உங்களுக்கு இது தெரியுமோ? முதல்ல ஜெர்மன் துவக்கு எண்டு சொல்லிப்போட்டு, பிறகு இத்தாலித் துவக்கு எண்டு மாத்திப்போட்டாங்களாம்” என்றார். தெரியுமோவாம்! தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனேன். அங்கே மகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு அந்த மணமும் சேர்ந்துகொண்டது.

அந்த மணம் எனக்கு ஏன் ஆகாது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். முதலில் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தாராளமாக.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மரக்கறிக்கடைக்கு மேல்மாடியில் சபா அண்ணை இருந்தார். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறியவர். இங்கே பாண் பேக்கரியில் ஷிப்ட். ஐம்பது வயது மனுசன், கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு பாகைமானி வைத்திருப்பார். மனைவிக்கு ஞாயிறுகளில் ஆசுபத்திரியில் வேலை. ஆகவே ஞாயிறு மத்தியானம் அந்த வீட்டு முன்னறை எங்களுடைய ஆராய்ச்சி நிலையம். எங்களுடைய என்றால் மூன்றே பேர்தான். சபா அண்ணை, பெற்றோல் ஸ்டேசனில் காசாளராக இருந்த மன்னார் அந்தோனி, பிறகு நான். அந்தோனி பூசை முடிந்ததும் கோவில் உடுப்போடேயே வந்துவிடுவான். நான் செவன் கிங்ஸில் நாலு பேர் படுக்கும் அறையொன்றில் ஐந்தாவது ஆளாக இருந்தேன். ஞாயிறு முழுக்க அங்கே அடைந்து கிடப்பதை விட எந்த நரகமும் மேல் என்று வந்தவன். எனக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது வெடித்தால் குப்புறப் படுக்க வேண்டும் என்பது மட்டுந்தான்.

எங்கள் வழக்கு இதுதான். அந்தக் கட்டடத்தில் துவக்கைக் கண்டெடுத்த பொலிஸ்காரர்கள் முதலில் அதை ஜெர்மன் துவக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த நாளே அது இத்தாலித் துவக்காகிவிட்டது. கண்ட கண் பிழைத்ததா, துவக்கையே மாற்றினார்களா? சபா அண்ணை இத்தாலிக் கட்சி. அந்தோனி ஜெர்மன் கட்சி. வடை யார் பக்கத் தட்டில் அதிகமாக இருக்கிறதோ அந்தக் கட்சி நான். லைப்ரரியில் எடுத்த தடித்தடிப் புத்தகங்கள், பெரிய பூதக்கண்ணாடி, பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கறுத்துப்போன படங்கள் எல்லாம் மேசையில் கிடக்கும். “ஐசே, குழலின்ர நீளத்தைப் பாரும்” என்று அண்ணை தொடங்கினால், “அலட்டாதேங்கோ அண்ணை, பொலிஸ்காரனுக்குத் துவக்குத் தெரியாதோ?” என்று அந்தோனி பாய்வான். பொழுது போகிறதே தெரியாது.

ஒரு முறை அண்ணை வீடு கூட்டும் நீட்டுத் தும்புத்தடியில் ஒரு கதவுத் தாழ்ப்பாளைப் பூட்டிவிட்டார். மூன்று வெடி வைக்கத் தாழ்ப்பாளை எத்தனை விநாடியில் இழுத்துத் தள்ளலாம் என்று பார்க்கத்தான். தாழ்ப்பாள் இறுகிப்போய்க் கிடந்தது. பக்கத்து அறையிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாங்கி விட்டோம். அறையெல்லாம் அந்த மணம். அண்ணை ஜன்னலோரம் முழங்காலில் நின்று, கீழே போகிற பஸ்ஸை ஜனாதிபதியின் காராக வைத்துத் தும்புத்தடியை நீட்ட, எதிர்ப்பக்கத்து நகைக்கடைக்காரர் பொலிசுக்குப் போன் பண்ணிவிட்டார். இரண்டு பொலிஸ்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, தும்புத்தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, ஆளுக்கொரு வடையும் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியை நாங்கள் விடவில்லை. அவ்வளவு ரோசம்.

எண்ணெய் தந்த அறையில் இருந்தவள் ராணி அக்கா. சபா அண்ணையின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. ஊரில் புருசன் சுடப்பட்ட பிறகு, நாலைந்து வருடம் அலைந்து எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவள். கட்டுக்கட்டாகப் பாவாடைத் துணி கொண்டுவந்து போடுவார்கள், இருந்து தைப்பாள். துண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி. நாங்கள் வெடிக்கு நேரம் எண்ணும்போது மெஷின் கடகடக்கும். “பிள்ளை ராணி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டு, நாங்கள் எண்ணுறம்” என்று அண்ணை சத்தம் போடுவார். அவள் நிறுத்துவாள். புருசனைச் சுட்டுக் கொன்றவர்களுக்கு அஞ்சி ஓடிவந்த ஒருத்தி, நாங்கள் வெடி எண்ணுவதற்காக வயிற்றுப் பிழைப்பை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சீ! இதை எழுதவே கை கூசுகிறது. அன்று எங்கள் மூவரில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

உறைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருடங்களில் ஊரிலிருந்து கடிதம் வந்தால் யாராவது ஒருவர் போன செய்தி இருக்கும். ‘இன்னார் மோசம் போய்விட்டார்’ என்று ஒரு வரி. யார் சுட்டது என்று எழுதியவரும் எழுதமாட்டார், வாசித்தவரும் கேட்கமாட்டார். லண்டனில் வாய் திறந்தால் ஊரில் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கச் சாவில் அந்தக் கரைச்சல் இல்லை. அந்த மனுசனை எத்தனை தரம் சுட்டாலும் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரப்போவதில்லை.

ஒரு ஞாயிறு நாங்கள் கேளாமலே மெஷின் நின்றது. ராணி அக்கா வந்து மேசையருகில் நின்றாள். கையில் சின்னத் துணிமுடிச்சு.

“அத்தான், வாற வியாழன் என்ர அகதி அப்பீல். ஆர் சுட்டதெண்டு தெரியாதெண்டு நான் முந்திச் சொல்லிப்போட்டன், பயத்தில. ஆமி, இயக்கப் பெடியள் சுட்டதெண்டுது. பெடியள், ஆமி சுட்டதெண்டுறாங்கள். ஒரு சாட்சியும் இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாம். லோயர் கேக்கிறார்.”

முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். ஒற்றை ரவைக்கோது, வெடித்த தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு. புருசன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல் படலையைத் திறந்திருக்கிறார். ஒரே வெடி. கிணற்றடியில் நின்றவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆளுமில்லை, அசுகையுமில்லை. அவரும் இந்தக் கோதும் மட்டும் கிடந்திருக்கின்றன. அதை எடுத்து வைத்திருந்த தமக்கை, போன மாதம் லண்டனுக்கு வந்த ஒருவரிடம் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் புதைத்துக் கொடுத்துவிட்டிருக்கிறாள். எங்கள் சனத்தின் தபால்பெட்டி மிளகாய்த்தூள்தானே.

“நீங்கள் மூண்டு பேரும் எங்கையோ கிடக்கிற துவக்கைப் படத்தில பாத்தே சொல்லுறியள். இது கையில கிடக்கு. இது ஆரின்ர துவக்கில போறது எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்கோ. லோயர் அதைத் துவக்குத் தெரிஞ்ச வெள்ளைக்காரனிட்டைக் குடுத்துப் பாப்பாராம்” என்றாள்.

சபா அண்ணை பூதக்கண்ணாடியை எடுத்தார். அதைக் கோதின் அடிக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தோனி பார்த்தான். பிறகு நான். வெட்டெழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆமியின் நீட்டுத் துவக்குக்குரியது அல்ல அது. கைத்துப்பாக்கிக் கோது. எந்த நாட்டுச் சரக்கு, அந்த வருடம் அந்தச் சரக்கு எந்த இயக்கத்தின் கையில் இருந்தது என்பதெல்லாம் அண்ணையே ஒருமுறை வாய்தவறி எங்களுக்குச் சொன்ன கதைகள்தான். மூவருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு ஊரில் ஒரு தம்பி. அந்தோனிக்குத் தாயும் இரண்டு தங்கச்சிகளும். அண்ணைக்குத் தகப்பன்.

“ஒண்டும் விளங்கேல்லைப் பிள்ளை. துருப் பிடிச்சுப்போச்சு” என்றார் அண்ணை.

“பித்தளை எப்பிடி அத்தான் துருப்பிடிக்கும்? நான் நேற்றுத்தானே புளி போட்டு மினுக்கினனான். மிளகாய்த்தூள் ஒட்டிக் கிடந்தது, உங்களிட்டைக் கொண்டுவாறதெண்டு துப்பரவாக்கினனான்.”

சாமிவிளக்கை மினுக்குவதுபோல மினுக்கியிருக்கிறாள், பெரிய மனுசரிடம் கொண்டுபோகும் பொருளல்லவா. அந்தோனி ‘கிடைச்சிட்டுது’ என்பதுபோலத் துள்ளி எழுந்தான். “ஐயோ அக்கா, என்ன வேலை செய்தனீங்கள்! புளி போட்டா அடையாளம் எல்லாம் அழிஞ்சிடும். சாட்சியே பழுதாப் போச்சு. இனி ஒருத்தராலையும் சொல்லேலாது.” அண்ணை தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவளுடைய முகம் விழுந்துபோனது. தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அதை நாங்கள் நம்பவிட்டோம்.

“இன்னும் நாலு நாள் கிடக்கு. வடிவாப் பாருங்கோ” என்று கோதை மேசையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். மெஷின் மறுபடி கடகடக்கத் தொடங்கியது.

அண்ணை குரலைத் தாழ்த்தினார். “உதை வீட்டில வச்சிருக்கிறது பிழை. ஆரும் கேள்விப்பட்டா எங்களையும் சேர்த்துத்தான் பாப்பாங்கள். தம்பி, நீ கொண்டுபோ.”

“எங்கை அண்ணை?”

“எங்கையாவது.”

ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். குண்டுப் பயத்தில் ஸ்டேசன்களில் குப்பைத் தொட்டிகளை அகற்றிவிட்ட காலம் அது. தொட்டி தேடியே அரை மணித்தியாலம் நடந்தேன். கடைசியில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், சப்பாத்துக் கயிறு கட்டுகிறவன்போலக் குனிந்து, வடிகாண் கம்பிக்குள் போட்டேன். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ராணி அக்கா செவன் கிங்ஸுக்குத் தேடி வந்துவிட்டாள். மேற்சட்டை முழுக்க நூல் துணுக்குகள்.

“தம்பி, அத்தான் உங்களிட்டைக் குடுத்ததெண்டார். தாங்கோ. லோயரிட்டை அப்பிடியே குடுக்கிறன். அழிஞ்சிருந்தா அழிஞ்சிருக்கட்டும்.”

“அது துலைஞ்சு போச்சு அக்கா” என்றேன். சொல்லிவிட்டு, “ரீ குடிக்கிறியளோ?” என்றும் கேட்டேன். தூ!

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த வெள்ளைக்காரனுக்கு விழுந்த மூண்டு வெடிக்கும் உங்களிட்டைக் கணக்கிருக்கு. என்ர மனுசனுக்கு ஒரு வெடிதான் தம்பி. அதைத் துலைச்சுப்போட்டியள்” என்றாள். புளியால் ஒன்றும் அழியவில்லை என்பது அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழன் அப்பீல் தோற்றது. அந்த மாதமே மெஷினையும் கட்டிக்கொண்டு அண்ணை வீட்டை விட்டுப் போய்விட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், லொறியில் ஒளிந்து ஜெர்மனிக்குப் போய்விட்டாள் என்று இன்னொருவர். நான் விசாரிக்கவில்லை. அவள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, சபா அண்ணை பாகைமானியைத் துடைத்துக்கொண்டு, “சரி, எங்கை விட்டனாங்கள்?” என்றார். “இனிமேல் சத்தமில்லாம வடிவா எண்ணலாம்” என்றான் அந்தோனி. நான் வடைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல், அங்கே போனேன்.

இப்போது அந்த மேல்மாடி இல்லை, கட்டடத்தையே இடித்துக் கட்டிவிட்டார்கள். சபா அண்ணை மோசம் போய்விட்டார். அந்தோனி கனடாவில் பேரன் பேத்தி கண்டுவிட்டான். அந்தப் பயமும் இல்லை. கதவைத் தட்டியவர்களும் இல்லை, தட்டுவதற்கு ஊரில் எங்கள் வீடும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சென்ற வருடம் இல்போர்ட்டில் ஒரு கலியாண வீட்டில், பத்துப் பேர் இருந்த மேசையில், சங்கக்கடை மனேஜரைச் சுட்டது யார், எந்த இயக்கம், எந்தத் துவக்கு என்று சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. ஆட்டிறைச்சிக் கறியை அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். இங்கே பிறந்த ஒரு பொடியன் மட்டும் மரியாதைக்குத் தலையைத் திருப்பி, “ஸோ ஸாட் அங்கிள். அவரின்ர பேர் என்ன?” என்று கேட்டான்.

அந்த ஞாயிறு ராணி அக்கா மேசையருகில் நின்று புருசனின் பெயரைச் சொல்லித்தான் கேட்டாள். ஒரு தரமல்ல, இரண்டு தரம் சொன்னாள். இத்தாலித் துவக்கின் தொடர் இலக்கத்தை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓர் எழுத்து விடாமல் சொல்வேன். அந்த மனுசனின் பெயர் எனக்கு வரவில்லை.