பாறையடியில் கழற்றிய செருப்பு

இன்று மதியம் மகள் செல்வி தாய்லாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். வேலைக்குப் போன இடத்தில் விடுமுறை கிடைத்து, மணற்பாறைகள் நிறைந்த ஒரு தேசியப் பூங்காவைப் பார்க்கப் போயிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், மலை விளிம்பில், சின்னக் கல்லின்மேல் பெரிய பாறை ஒன்று நின்றது. அப்படியே நம் பர்மாவின் சைத்தியோ பொற்பாறை, செருப்பில்லாமல் ஏறிக் கும்பிடுகிற புத்தர் கோயில்!

"செருப்போடயா நிக்கிற? கழட்டும்மா!"

"இது கோயில் இல்லப்பா, பார்க்கு."

"பாறை விழாம நிக்குதுல்ல? கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். இரண்டடி வைத்தாள். "ஐயோ!" என்று அலறினாள். திரையில் வானம் சுழன்றது. லைன் போய்விட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்த விளிம்புதான் கண்ணில் நின்றது. கழற்றச் சொன்னவன் நான்.

கால் மணி நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. இங்கே யாங்கோன் வீட்டில் எனக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. இந்த வருடம்தான் கோயில் வகுப்பில் தமிழ் எழுத்து கற்றேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

"அப்பா, நல்லா இருக்கேன். பாறை அடுப்பு மாதிரி சுட்டுச்சு. போன் விழுந்து அணைஞ்சிருச்சு, இப்பதான் திரும்ப ஆன் ஆச்சு. காவலர் செருப்பை எடுத்துக் குடுத்துத் திட்டினாரு. எல்லாம் உங்களாலதான்."

நானே படித்த முதல் செய்தி. திட்டுதான், ஆனாலும் மூன்று முறை படித்தேன்.

நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள். அப்படி ஒரு பாறையைப் பார்த்தால் நம் ஆட்கள் செருப்போடு நிற்பார்களா?