எந்திரிங்க சார், லிஸ்ட்டைத் திருப்புவோம்

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதி நேரம் யாரும் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. ஒரு தகவல் அடுத்ததைக் காட்டிச் சங்கிலியாக நிற்கும் லிங்க்டு லிஸ்ட் என்றால் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் பை வாரைப் பிடிக்க வேண்டும். அந்தக் கைதான், அடுத்தது எங்கே என்று காட்டும் பாயின்டர். தோளைப் பிடிக்கச் சொன்னால் ஆண், பெண் என்று ஆயிரம் நெளிவு வரும், அதனால்தான் பை. பெற்றோர் பார்த்தால் பால்வாடி என்று நினைப்பார்கள் என்று முதலாளி அண்ணாச்சி புலம்புவார்.

லிஸ்ட்டைத் திருப்ப, அதாவது பிடிகளையெல்லாம் எதிர்த்திசைக்கு மாற்றச் சொன்ன முதல் நாள், எல்லாருக்கும் பின்னால், பிடி தொடங்கும் இடத்தில் அந்தோணி. மணப்பாட்டுக்காரன். கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான். இங்கே வேலை கிடைக்காவிட்டால் கப்பலில் சேர்த்துவிடுவதாக அவன் மாமா சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் படிக்கவே வந்தான்.

திருப்பு என்றதும் பிடியை விட்டுவிட்டுத் திரும்பினான். முன்னால் நின்ற கூட்டம் நேராக டீக்கடைக்குப் போய்விட்டது. கேட்டால், எங்களைப் பிடிக்க ஆளில்லையே மிஸ் என்றார்கள். திமிர்தான், ஆனால் சரியான பதில். ஒருவர் கையை விடும் முன் அடுத்த ஆளை வேறொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பழகும்வரை தினமும் நிற்க வைத்தேன்.

பிறகு சென்னையிலிருந்து இரண்டு பேர் எங்கள் லேபுக்கே இன்டர்வியூ எடுக்க வந்தார்கள். லிஸ்ட்டைத் திருப்பும் அதே வேலையை போர்டில் புரோகிராமாக எழுதச் சொன்னார்கள். அந்தோணியின் மார்க்கர் நகரவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரியாதா என்றார் பெரிய அதிகாரி.

"தெரியும் சார். கொஞ்சம் எந்திரிங்க."

தொலைந்தான் என்று நினைத்தேன். அவனோ இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி, தண்ணீர் வைக்க வந்த அண்ணாச்சியையும் முன்னால் நிறுத்திவிட்டான். அண்ணாச்சியிடம் பை இல்லை, சட்டை நுனிதான். திருப்பும்போது பெரிய அதிகாரி அவசரப்பட்டார்.

"விடாதீங்க சார். நான் பிடிக்கதுக்கு முன்னாடி விட்டுட்டா மிச்ச பேரு அம்புட்டும் போயிரும்."

அவர் சிரித்துவிட்டு, இப்போது எழுது என்றார். ஒரு வரிகூட அழிக்காமல் எழுதினான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனப்பாடம் பயத்தில் பறந்துவிடும், கைகாலுக்குப் பழகியது நிற்கும்.

மாலையில் தேர்வானவர்களில் அவன் பெயரும் இருந்தது. அங்கேயே அம்மாவுக்கு போன் போட்டான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

"ம்மா, மாமாட்ட சொல்லிரு. நான் கப்பலுக்கு வரல."