தறியின் அதிர்வு என்று நினைத்தது

நான்காம் மாதம் முடிந்ததும் வாந்தி நின்றது. அதன்பின் வந்தது பசி. தறியில் நீளவாட்டில் கட்டும் பாவு நூலுக்குத் தடவ வைத்திருந்த அரிசிக் கஞ்சியை ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் குடித்தேன். தொப்புளுக்குக் கீழே கரிக்குச்சியால் இழுத்ததுபோல ஒரு கோடு இறங்கியது. உடம்பு என்னைக் கேட்காமலே மாறிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கம், காஞ்சிபுரம். எனக்கு இருபது வயது.

என் கணவர் தறிக்குழியில் கால்களை இறக்கி நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவை எறிவேன். நெய்த சேலை சுருண்டுகொள்ளும் மரம் என் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊடு நூலை நெருக்கும் பலகையை அவர் அடிக்கும்போதெல்லாம் அந்த அடி மரத்தில் ஓடி என் வயிற்றுக்குள் இறங்கும். ஐந்தாம் மாதத்தில் அதற்குள் இன்னொரு அதிர்வு சேர்ந்தது, சின்னதாக, தண்ணீருக்கடியில் மீன் திரும்புவதுபோல. தறிதான் என்று நினைத்தேன். பதினைந்து நாள் அப்படியே நினைத்தேன்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மதியம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தறி மரம் அந்தப் பக்கம் கிடந்தது. வயிறு அதிர்ந்தது. கையை வைத்தேன். மறுபடியும். இத்தனை நாளும் தட்டித் தட்டிப் பார்த்த பிள்ளையை அல்லவா தறி என்று நினைத்துவிட்டேன்.

கோயிலுக்குப் போயிருந்த கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாமே, அஞ்சு மாசம் ஆவுதே. புள்ள ஆடுதா?"

கை என் பக்கம் நீண்டது. முந்தின நாள்தான், நான் ஒரு வாட்டி நாடாவைத் தவறவிட்டதற்கு, பக்கத்துத் தறிக்காரர்கள் காதில் விழும்படி சொல்லியிருந்தார்: "துன்றதுக்கு ரெண்டு உசுரு, நாடா எறிய ஒரு கை கூட இல்ல." அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் இன்னும் ஆறவில்லை.

"தறி நின்னாதான் உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் வருமா? ஒண்ணும் ஆடல."

சொல்லும்போதே உள்ளே புரண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை தோள் துண்டுக்குத் திரும்பிவிட்டது.

இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு நாள் கழித்து, ஏன் மறைத்தாய் என்பாரே என்று பயம். ஆறாம் மாதம் அது உதைக்கத் தொடங்கியது. சேலை மடிப்பே துள்ளியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் பலகையை மெல்ல அடிக்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னா, கை வலிக்குதா?" என்று கேலி செய்தேன்.

மாதக் கடைசியில், வீடு வீடாக வரும் நர்சம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா உதைக்குதேமா. உங்க வூட்டுக்காரரு ரெண்டு வாட்டி என்னைத் தேடி வந்தாரு. தறி அடி பட்டுப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா, அசையவே இல்லியாமேன்னு. பாவம், குரலே எழும்பல."

தறி நின்றது. அவர் காதில் விழுந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுது சொல்லியிருப்பேன். என் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாடாவ எடு" என்றார்.

மறுவாரம் அம்மா என்னை பிரசவத்துக்காக வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போனார். பெண் பிறந்தாள், கொழுகொழுவென்று. அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவெல்லாம் நடந்தார். அன்று ஏன் பொய் சொன்னாய் என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.